வெயிலிலிருந்து கோயிலுக்குள் நுழைந்தால் கண் இருட்டுவது ஏன்?

கேள்வி: நண்பகலில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நடந்துவிட்டு மகாமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தால், சிறிது நேரம் விளக்குச் சுடரைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரிவதில்லை. இது கண்நோயா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: அஞ்ச வேண்டாம் அம்மா, இது கண்ணின் இயல்பு. கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாவை உண்மையில் ஒரு துளை. வெயிலில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகச் சுருங்கும் அது, இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அதற்குச் சில நொடிகளே போதும். தாமதம் விழித்திரையில்தான் நேர்கிறது. பகலொளியையும் நிறங்களையும் உணரும் கூம்புச் செல்கள் அங்கே சுமார் 6 மில்லியன் இருக்க, மங்கிய ஒளிக்குரிய கோல் செல்களோ சுமார் 120 மில்லியன் உள்ளன. இக்கோல் செல்களிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி கடும் வெளிச்சத்தில் சிதைந்துவிடுவதால், வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அது மீண்டும் உருவாகும் வரை தூண்களும் முகங்களும் நிழலாகவே தோன்றும். கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வயது ஏற ஏறப் பாவை விரிவதும் குறையும் என்பதால், பெரியவர்களை வாசற்படியில் கைபிடித்து அழைத்துச் செல்வது நல்லது. ஆனால் இரவில் பார்வை நாளுக்கு நாள் மங்கினால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.