ஷெல் சத்தத்த வச்சே அது எங்க விழும்னு பழைய சிப்பாய்ங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

ஷெல்னா பீரங்கில இருந்து வர்ற வெடிகுண்டு. முதல் உலகப்போர்ல (1914-18) பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் பதுங்குகுழில இருந்தவங்கள அதிகமா கொன்னது இந்த பீரங்கி குண்டுதான், அதனால புதுசா வர்ற பசங்களுக்கு பழைய ஆளுங்க முதல்ல சொல்லிக்கொடுத்ததே காத தீட்டிக்கோன்னுதான்.

காரணம் வேகம். ஒலி செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஹவிட்சர்ங்கிற, மேல்நோக்கி சுடற பீரங்கியோட குண்டு உயரமா வளைஞ்சு மெதுவா வர்றதால சத்தம் முன்னாடியே கேட்டுடும், தலைக்கு மேல இழுத்துக்கிட்டே போனா பின்னாடி எங்கயோ விழப்போகுது, பயப்பட வேணாம். ஜெர்மன்காரங்களோட 77 மி.மீ பீரங்கி குண்டு ஒலிய விட வேகம், விஸ்ஸுன்னு கேக்கும்போதே வெடிச்சிடும். பிரிட்டிஷ் சிப்பாய்ங்க அதுக்கு 'விஸ்-பேங்'னே பேர் வச்சாங்க.

அனுபவமான மெக்கானிக் இன்ஜின் சத்தத்துலயே கோளாற சொல்ற மாதிரிதான் இதுவும், ஆனா இங்க கத்துக்கறதுக்குள்ள நிறைய புதுப்பசங்க செத்துட்டாங்க, அதான் கொடுமை.

'உன்மேல விழற குண்டு உனக்கு கேக்காது'ன்னு சொல்வாங்க, அது வேகமான குண்டுக்கு மட்டும்தான் பொருந்தும், மெதுவா வர்ற மோர்ட்டார் (குட்டையான குழாய்ல இருந்து மேல்நோக்கி சுடறது) குண்ட பகல்ல கண்ணால பாத்தே ஓடி தப்பிச்சவங்க உண்டு.