மறுமொழி: அட்டைப்படத்தில் வயதையும் பால்நிலையையும் வாசிப்பது எப்படி?

தங்கச்சி, ஹட்டனில் உயர்தரத்துக்கு ஊடகக் கற்கை படிக்கும் நீங்கள் 'கெராங்', 'மோஜோ' என்ற இரண்டு பிரித்தானிய இசைச் சஞ்சிகைகளின் அட்டைகளை ஒப்பிட்டு எழுதியதை, "வெறும் வர்ணனை" என்று ஆசிரியை திருப்பித் தந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். கண்டதை எழுதிவிட்டீர்கள், அந்த அட்டை யாரை அழைக்கிறது என்பதுதான் பாக்கி.

1981இல் தொடங்கிய, உரத்த ராக் இசைக்கான கெராங்கின் பெயர் அட்டையில் உடைந்த கண்ணாடிபோல் விரிசல் விட்டிருக்கும். நெருக்கியடித்த தலைப்புகளும் உரத்த நிறங்களும் இளவயதுக் கொந்தளிப்பை நோக்கியவை. 1993இல் வந்த மோஜோ, பழைய ராக் இசையை நேசிக்கும் மூத்தவர்களுக்கானது. ஆனாலும் அதன் அட்டையில் அடிக்கடி வருவது கலைஞரின் இளமைக்காலப் படம். ஏன்? வாசகர் அங்கே தம் இளமையையும் பார்க்கிறார். உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியே இதுவாக இருக்கலாம்.

பால்நிலைக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், அது போதாது. கைகளைக் கவனியுங்கள். கிட்டார் யார் கையில்? பெண்ணின் கை இடுப்பிலோ கூந்தலிலோ இருந்தால், அவர் இசைப்பவராகக் காட்டப்படுகிறாரா, பார்க்கப்படுபவராகவா? கமரா கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் உருவத்துக்கு அதிகாரம் கூடும். இளஞ்சிவப்பு என்றாலே பெண், கறுப்பு என்றாலே ஆண் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; கெராங் வாசிக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஹட்டன் பஸ் நிலையப் பக்கம் ஒட்டப்படும் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டி ஒன்றே போதும். பாடகிகளின் படம் எந்த மூலையில், எந்த அளவில் இருக்கிறது? திருத்திய பந்தியை இங்கே போடுங்கள், கட்டாயம் வாசிக்கிறேன்.