கிடங்கு

அன்புள்ள அக்கா,

கம்பஸ் நண்பர்களோடு கேகாலை மலைப்பக்கம் போயிருந்தோம். ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் கைவிட்ட காரீயச் சுரங்கங்கள், பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புக் காரீயம் (கிராஃபைட்). வாய்களைப் புதர் மூடியிருக்கிறது, தொட்டால் கை கறுப்பாக மினுங்குகிறது. அடுத்தமுறை உள்ளே இறங்க ஆசை. என்னென்ன கொண்டுபோகலாம்? யாழ்ப்பாணம் வெறும் தட்டை நிலம், இங்கே இப்படிப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் கவலை.

தெல்லிப்பழையிலிருந்து ஒரு வாசகன்

தம்பி,

இறங்க வேண்டாம். பழைய சுரங்கத்தில் காற்று கெட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது, முட்டுக்கொடுத்த மரங்களும் உக்கியிருக்கும். அந்தக் கேள்வி முடிந்தது.

முதலாம் உலகப்போரில் உருக்கு வார்க்கும் புடக்குகைகளுக்கு, அதாவது உலைக் கிண்ணங்களுக்கு, இலங்கைக் காரீயத்தை அள்ளி அள்ளி வாங்கினார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்தது, மடகஸ்கார் காரீயம் போட்டிக்கு வந்தது, குழிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காரீயம் வழுக்கும் மர ஏணியில் வெறுங்காலோடு ஏறி இறங்கிய ஆட்களைப் பற்றி உமது கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சரி, அதையும் விடுவோம்.

விட முடியாதது அந்தக் கடைசி வரி. தெல்லிப்பழையில் இருந்துகொண்டா இதை எழுதுகிறீர்? சைக்கிளை எடுத்தால் அரை மணித்தியாலத்தில் காங்கேசன்துறை. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து ரெயிலில் வந்தது, சுண்ணக்கல்லை எங்கள் காலடியில்தான் கிண்டினார்கள்.

அப்பாவுக்கு அங்கே வேலை. கல் கிண்டின கிடங்கில் வெடி வைத்தால் எங்கள் அலுமாரிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டும், அம்மம்மா எண்ணிக்கொண்டிருப்பார், இன்றைக்கு எத்தனை என்று. குரோட்டன் இலைத் தூசியில் விரலால் பெயர் எழுதுவோம். குளித்த பிறகும் அப்பாவின் காதுமடலில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும். 1990இல் சண்டை தொடங்கி ஊரை விட்டு ஓடினோம், தொழிற்சாலையும் நின்றது. அதற்குப் பிறகு அப்பா அதைப்பற்றிப் பேசியது ஒரேயொரு தடவை, வவுனியாவில் ஒரு பழைய பள்ளிக்கூடத் தூணைத் தடவிப் பார்த்து, "இது எங்கட கல்லோ தெரியாது" என்றார்.

திரும்பிப் போக விட்டபோது அவர் இல்லை, நான் மட்டும் போனேன். கிடங்கில் தண்ணீர் நிற்கிறது, மேலே ஒரு மீன்கொத்தி. வெட்டின கல்லில் சிப்பித் தடங்கள், இந்த நிலம் ஒருகாலம் கடலுக்கடியில் கிடந்தது. ஒன்றுமில்லை என்றீரே, இந்தக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்று காட்டும் பார்ப்போம்! மாரி மழையைக் குடித்து வைத்திருப்பது இந்தப் பொந்துக் கல்தான். உமது வீட்டுக் கிணறு, நிலாவரைக் கிணறு, கீரிமலைக் கேணி எல்லாம் அதன் தயவு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அளவுமீறி இறைத்தாலும் ஆழமாகக் கிண்டினாலும் கடல் உள்ளே ஏறிவிடும். ஏறினால் தோட்டத்தில் கோவாவும் இல்லை, வெங்காயமும் இல்லை. கல் எடுக்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, இனி நீர் சொல்லும், உமக்குத்தான் வயது இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேனோ? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். என்ன கொண்டுபோவது என்று கேட்டீர் அல்லவா, தொப்பி கொண்டுவாரும். கிடங்கடியில் நிழல் கிடையாது.