மலை வீடு வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால், ஆறு ஏக்கர் காப்பித் தோட்டத்துடன் விலைக்கு வந்துள்ள ஒரு பங்களாவைப் பார்த்து வந்தோம். தேக்குத் தளம், பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர், கணப்பு என எல்லா வசதிகளும் உள்ளன. சுற்றுவட்டாரத்தில் வேறு வீடே இல்லை. சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றாலே பாதிப் பணம் திரும்பிவிடும் என்றும், இந்த வாரமே முன்பணம் தர வேண்டும் என்றும் தரகர் சொல்கிறார். தரலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இந்த வாரம் தர வேண்டாம். தரகர் சொன்ன மரக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தாலும், நிழல் மரங்களை மொத்தமாகச் சாய்த்துவிட்டால் காப்பிச் செடி வெயில் தாங்காது.

சுற்றுவட்டாரத்தில் வேறு வீடே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தனிமையைத்தான் நான் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். தார்ச்சாலையிலிருந்து பிரியும் ஜீப் பாதை யார் யார் நிலத்தின் வழியே வருகிறது என்பதை, நில அளவை வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவர் ஒருவரோடு நடந்தே பாருங்கள். மேல் தோட்டக்காரர் இதுவரை முகதாட்சண்யத்துக்காக வழி விட்டிருந்தால், நாளை அவரிடம் வாங்குபவர் கேட்டைப் பூட்டிவிடலாம்; ஆகவே பாதை உரிமையானது அகலத்தோடும் புல எண்களோடும் தாய்ப்பத்திரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் தோட்டக்காரரிடமிருந்து தனிப் பத்திரமாகப் பதிந்து வாங்கித் தருமாறு விற்பவரைக் கேட்க வேண்டும். பாதையின் ஒரு பகுதி வனத்துறை நிலத்தில் சென்றால், அது துறையின் இசைவில் நடப்பதே தவிர உங்கள் உரிமை ஆகாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. மின்சாரமும் நாள்கணக்கில் இல்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எந்த வளைவு வரை வரும், அங்கு வரை யார் தூக்கி வருவார்கள் என்பதைத் தாங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மலை வீடுகள் பலவற்றுக்கு ஊற்றுதான் ஆதாரம். அந்த ஊற்றுக்கண் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்திலோ காட்டுக்குள்ளோ இருக்கும். தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்துத் திருப்தி அடையாமல், குழாயைப் பிடித்துக்கொண்டே மேலேறி ஊற்று வரை செல்லுங்கள். கோடையில், ஏப்ரல் கடைசியில், ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று பாருங்கள்; மார்கழியில் பார்ப்பதில் பயனில்லை.

வீட்டின் அழகை ரசித்த பிறகு, அதன் பின்புறம் சென்று, மண்ணை வெட்டி எடுத்த சரிவைப் பாருங்கள். தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் கசிவதற்காக விட்ட துளைகள் மண்ணடைத்துக் கிடக்கின்றனவா, சரிவில் உள்ள மரங்கள் அடியில் சாய்ந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றனவா, கதவுகள் நிலையில் உரசுகின்றனவா, புதுச் சுண்ணாம்புக்கு அடியில் சாய்வாக ஓடும் விரிசல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். இவை மண் நகர்வதன் அறிகுறிகள்; இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால், மண்ணியல் தெரிந்த பொறியாளர் பார்த்து எழுதித் தராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூலையில் வயநாட்டில் நடந்ததை நாடே பார்த்தது. சரிவை வெட்டிச் சமன் செய்வதும், மழைநீர் இறங்கும் ஓடையை மண் போட்டு அடைப்பதும் ஆபத்தை வீட்டு வாசலுக்கே அழைத்து வரும் செயல்கள் என்பதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது.

ஆவணங்களில், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் எந்த வழக்கறிஞரும் கேட்பவைதான். மலைக்கென்று கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு. பட்டா, அரசு நிபந்தனைகளோடு ஒப்படைத்த நிலத்துக்கான ‘நிபந்தனைப் பட்டா’வா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட நிலமாக இருந்தால், அச்சட்டப்படி பெற்ற முன் அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. கட்டடத்துக்கு வரைபட ஒப்புதலும், ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தேவைப்படும் இடமென்றால் அதுவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒப்புதல் இல்லாத மாளிகையை விட ஒப்புதலுள்ள ஓட்டு வீடு மேல். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு தனியாக ஆகும்.

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் நான். ஏற்காட்டில் நான்கு ஏக்கர் தோட்டத்துடன் கூடிய பெரிய வீட்டை என் பெயரில் வாங்க முடியுமா? முடியாதென்றால் அப்பா பெயரில் வாங்கலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வீடு வாங்கத் தடையில்லை, ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அந்நியச் செலாவணி விதிகளின்படி விலைக்கு வாங்க முடியாது. இத்தகைய நிலம் வாரிசு உரிமையில் வருவதற்கு மட்டுமே இடமுண்டு. வீட்டை ஒருவர், தோட்டத்தை இன்னொருவர் எனப் பிரித்துப் பதியலாம் என்று யோசனை சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் பணத்தில், உங்களுக்காக, அப்பா பெயரில் மட்டும் வாங்கினால் பினாமிச் சட்டத்தின் பிடியில் அவரை நிறுத்துவீர்கள். வயதான காலத்தில் அவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். நிரந்தரமாகத் தாயகம் திரும்பிய பிறகு வாங்குங்கள்.

கேள்வி: மசினகுடி அருகே யானைகள் உலவும் இடத்தில் காட்டேஜுடன் மூன்று ஏக்கர் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: யானைகள் உலவுவதுதான் விலை குறைந்ததற்குக் காரணமாக இருக்கலாம், அம்மா. மசினகுடி அமைந்துள்ள சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அறிவித்து 2010இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே அங்கிருந்த விடுதிகள் பல மூடி முத்திரையிடப்பட்டன. உங்கள் புல எண் அந்த வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். உள்ளே வந்தால், எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.