பழைய பெட்ரோல் பம்ப்: பாகம் தேடும் முன் மாடலைத் தேடுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இண்டியானாவில் வசிக்கிறேன். பண்ணை ஏலம் ஒன்றில் துருப்பிடித்த பழைய பெட்ரோல் பம்ப் வாங்கினேன். எண்கள் சுழலும் டயல் இருக்கிறது. கண்ணாடி, நாசில், உச்சியில் நிற்கும் குளோப் (பிராண்டைக் காட்டும் விளக்கு) எதுவும் இல்லை. ‘எல்லாப் பழைய பம்புக்கும் பொருந்தும்’ என்று ஒரு செட் விற்கிறார்கள். வாங்கலாமா? முதலில் மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். எல்லா பம்புக்கும் பொருந்தும் செட் என்று ஒன்று கிடையாது. உங்கள் மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரிலேயே வெய்ன், டோக்கைம், பவுசர் என்று மூன்று பெரிய தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். ஒரே ஊர்தான், ஆனால் ஒருவருடைய டயல் சட்டம் இன்னொருவருடைய உடம்பில் உட்காராது. ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த மாடல்களிலேயே கண்ணாடி அளவு மாறும்.

தொகையும் கேலனும் சேர்ந்து சுழல்கிறது என்றால் அது கம்ப்யூட்டிங் பம்ப், 1930-களின் நடுவிலிருந்து பரவிய வகை. கையால் நெம்பி, மேலே உள்ள கண்ணாடி உருளையில் பெட்ரோலை ஏற்றிக் கீழே இறக்கும் 1920-களின் விசிபிள் பம்புக்கான பாகங்களைத் தேட வேண்டியதில்லை. மாடல் எண்ணும் வரிசை எண்ணும் சின்ன உலோகத் தகட்டில் இருக்கும். பெரும்பாலும் அதன் மேல் நாலைந்து பூச்சு பெயிண்ட் ஏறியிருக்கும். சுரண்டாமல் பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மெதுவாக எடுங்கள். தகடே இல்லையென்றால் டயல் திறப்பின் அகலம், அடித்தட்டின் போல்ட் துளைகள், வார்ப்புகளின் உள்பக்கத்து எண்கள் ஆகியவற்றை அளந்து, படமெடுத்து, அடையாளம் தெரிந்த பம்புகளோடு ஒப்பிடுங்கள்.

பிரிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. மீட்டரிலும் குழாயிலும் இன்னும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம். முழுவதும் வடித்துக் காற்றாடவிடும் வரை கிரைண்டர், வெல்டிங், கேஸ் டார்ச் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்க வேண்டாம், ஈரத்தோடு தேயுங்கள்.

சாண்ட் பிளாஸ்டிங் இரும்பு அடித்தட்டுக்குச் சரி. மெல்லிய தகட்டுக் கதவில் மணலைப் பீய்ச்சினால் அலை அலையாக வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது பெரும்பாடு. அதைவிட முக்கியம், பம்ப் எந்த பெட்ரோல் பிராண்டின் பங்க்கில் நின்றது என்பதற்கான சாட்சியும் போய்விடும். கதவின் உள்மூலையில் நாணய அளவுக்கு, நீர் தொட்டு நைஸான எமரித் தாளால் தேய்த்துப் பாருங்கள். மேலே வெள்ளை, அதற்குக் கீழே ஆரஞ்சு, இன்னும் கீழே சிவப்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். பிரைமருக்கு மேல் முதலில் இருப்பதுதான் பம்ப் பிறந்த நிறம். பெட்ரோல் கம்பெனிகளில் டெக்சகோவின் சிவப்பா, கல்ஃபின் ஆரஞ்சா என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். குளோபும், பெட்ரோலின் பெயர் எழுதிய முன்தகடும் அதற்கேற்பத்தான் வாங்க வேண்டும். டெக்சகோவின் பெட்ரோல் ரகங்களில் ஃபயர் சீஃப் 1932-இல் வந்தது, ஸ்கை சீஃப் 1938-இல். 1935 பம்பைப் புதிதாக நின்ற கோலத்தில் காட்ட விரும்பினால் ஸ்கை சீஃப் தகடு பொருந்தாது.

எதைப் புதிதாக வாங்கலாம்? கண்ணாடி, ரப்பர் ஹோஸ், கேஸ்கட், ஸ்டிக்கர் எழுத்துகள் மறுதயாரிப்பாக இருந்தால் குறையில்லை. குளோபும் அப்படித்தான், ஆனால் அசல் என்று சொல்லி அசல் விலை கேட்டால் நிதானியுங்கள். டயல் சட்டம், அலங்காரப் பட்டை, நாசில் தொங்கும் கொக்கி ஆகியவற்றை அதே மாடலின் சிதைந்த பம்பிலிருந்து எடுப்பதே என் தேர்வு. மறுவார்ப்பு லேசாகச் சுருங்கிவிடும், துளைகள் விலகும். உள்ளே சுழலும் கணக்குப் பொறி மட்டும் விதிவிலக்கு. ஹார்ட்ஃபோர்டின் வீடர்-ரூட் கம்பெனி பல பம்ப் கம்பெனிகளுக்கும் அதைக் கொடுத்ததால், வேறு பிராண்டு பம்பிலும் உங்களுக்கான பல்சக்கரம் கிடைக்கலாம். எண் சக்கரங்களைத் தின்னர் கொண்டு துடைக்காதீர்கள், எழுத்து வழித்துக்கொண்டு வந்துவிடும். இந்தப் பொறியில் கேலன் விலையை 99.9 சென்டுக்கு மேல் வைக்க முடியாது. அதனால்தான் 1979-இல் விலை டாலரைத் தாண்டியபோது பல பங்க்குகளில் பாதி விலையை வைத்து, வந்த தொகையை இரட்டிப்பாக்கி வாங்கினார்கள். உங்கள் பம்ப் 1930-களின் கடைசியைச் சேர்ந்தது என்றால் கேலன் விலையை 20 சென்ட்டை ஒட்டி வையுங்கள்.

பாகங்களை நேரில் பார்த்து வாங்க அயோவாவின் டெ மாய்ன் நகரில் நடக்கும் ‘அயோவா கேஸ்’ என்ற பழைய பெட்ரோல் பங்க் பொருள் சந்தையும், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் பழைய கார் சந்தையும் நல்ல இடங்கள். டயல் திறப்பின் அளவுக்கு அட்டை ஒன்றை வெட்டி, போல்ட் துளைகளையும் அதில் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள். துருப்பிடித்த பழைய திருகைக்கூட டப்பாவில் போட்டு வையுங்கள். மரை அளவு பார்க்க அதுதான் வேண்டும்.