கேள்வி – பதில்: கற்பனைத் தொடருக்கும் சான்று வேண்டும்

சிறுவர்களுக்கான கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி விக்கிப்பீடியா போன்ற கூட்டுமுயற்சிக் கலைக்களஞ்சியங்களில் உள்ள செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற இயங்குபட (அனிமேஷன்) தொடரை முன்வைத்தே கேட்பதால், பதில்களிலும் அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

'அவதார்' தொடரில் மொத்தம் எத்தனை அத்தியாயங்கள் என்று நானும் என் மகனும் தேடினோம். ஓரிடத்தில் 61 என்றும் இன்னோரிடத்தில் 58 என்றும் இருக்கிறது. இவ்வளவு எளிய செய்தியிலேயே பிழை என்றால் மற்றவற்றை எப்படி நம்புவது? – ஒரு தந்தை

இரண்டு எண்களில் ஒன்று பொய்யாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அத்தொடர் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 பிப்ரவரி 21 முதல் 2008 ஜூலை 19 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பானது. முதலிரண்டு பருவங்களில் இருபது இருபதும் மூன்றாவதில் இருபத்தொன்றுமாக 61 அத்தியாயங்கள் உள்ளன. இதுவே பரவலாக ஏற்கப்பட்ட எண்ணிக்கை. ஆனால் இறுதிக் கதையான 'சோசின்ஸ் காமெட்' நான்கு பாகங்களாகத் தயாரிக்கப்பட்டு, நான்கும் ஒரே இரவில் சேர்ந்தே ஒளிபரப்பாயின. அதை ஒன்றாக எண்ணுகிறவருக்கு 58 வரும். தொடக்க நாளிலும் இரண்டு அத்தியாயங்கள் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகக் காட்டப்பட்டதால், அவற்றையும் ஒன்றாக்கினால் 57 ஆகிவிடும்.

எனவே எண் மாறுபடுவதைவிட, எப்படி எண்ணினோம் என்று கட்டுரை சொல்லாமல் விடுவதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். 'இறுதிக் கதையின் நான்கு பாகங்களையும் தனித்தனியாகக் கொண்டு 61' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் உங்கள் மகனே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்திருப்பான். ஒரு செய்தியை நம்புங்கள் என்று வாசகரிடம் கேட்பதற்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றான மெய்யறிதன்மை இரண்டாவதைத்தான் கோருகிறது.

கதைச்சுருக்கம் எழுதுவதற்குத் தொடரைப் பார்த்திருந்தால் போதாதா? ஒவ்வொரு வரிக்கும் எதற்காகச் சான்று கேட்கிறார்கள்? – கல்லூரி மாணவி ஒருவர்

கதையில் என்ன நடந்தது என்பதற்குத் தொடரே சான்று. விக்கிப்பீடியாவின் நடைமுறையும் அதை ஏற்கிறது. திரையில் கண்டதை, அந்த அத்தியாயத்தைப் பார்க்கும் எவரும் உடன்படக்கூடிய வகையில் சுருக்கி எழுதுவதற்கு வேறு மூலம் தேவையில்லை. சிக்கல் அதற்கு அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. கண்டதை எழுதிக்கொண்டே வருகிறவர், தம்மை அறியாமலேயே, கண்டதிலிருந்து தாம் ஊகித்ததையும் எழுதத் தொடங்கிவிடுகிறார். கற்பனைத் தொடர்களில் இது மிக எளிதாக நிகழ்கிறது. ஏனெனில் அந்த உலகத்தின் விதிகளைத் தொடர் முழுவதுமாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட இடங்களை நிரப்பிக்கொள்வதே அதைப் பார்ப்பதன் இன்பங்களில் ஒன்று.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு ஐரோ என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு பருவங்களில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஜப்பானிய அமெரிக்க நடிகரான மாக்கோ. அவர் 2006 ஜூலையில் காலமானார். அதே ஆண்டு ஒளிபரப்பான 'த டேல்ஸ் ஆஃப் பா சிங் சே' என்ற அத்தியாயத்தில், போரில் இறந்த தம் மகனின் நினைவாக ஐரோ ஒரு மரத்தடியில் அமர்ந்து பாடி அழும் பகுதி வருகிறது. அதன் முடிவில் மாக்கோவின் பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்தும் வரி திரையில் தோன்றுகிறது. மூன்றாம் பருவத்தில் ஐரோவுக்குக் குரல் கொடுத்தவர் கிரெக் பால்ட்வின்.

இவற்றுள் ஐரோ அழுதார், பாடினார், அஞ்சலி வரி தோன்றியது என்பவற்றைத் தொடரைப் பார்த்தே எழுதலாம். குரல் கொடுத்தவர்களின் பெயர்களை, திரையில் வரும் பெயர்ப்பட்டியலைச் சான்றாகக் காட்டி எழுதலாம். மாக்கோ இறந்த நாளுக்குச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு போன்ற வெளிச்சான்று வேண்டும். ஆனால் 'மாக்கோவின் மறைவைக் கேள்விப்பட்ட பிறகே இந்தப் பகுதி எழுதப்பட்டது' என்று ஒருவர் எழுதினால், அவர் படைப்பாளிகளின் மனத்துக்குள்ளும் தயாரிப்புக் கால அட்டவணைக்குள்ளும் நுழைந்துவிடுகிறார். அஞ்சலி வரி இருப்பதனால் அந்தப் பகுதியே அஞ்சலிக்காக எழுதப்பட்டது என்று ஆகிவிடாது. இயங்குபடத் தொடரில் வசனம் எழுதுவதும் குரல் பதிவதும் ஒளிபரப்புக்குப் பல மாதங்கள் முன்னதாகவே நடப்பவை; அஞ்சலி வரியையோ கடைசி நேரத்தில்கூடச் சேர்க்க முடியும். அப்படி ஒரு கூற்றை எழுத வேண்டுமானால், எழுத்தாளரோ இயக்குநரோ தம் வாயால் சொன்ன, பதிவான பேட்டி வேண்டும். அது கிடைக்காவிட்டால், எவ்வளவு நெகிழ்ச்சியான வாக்கியமாக இருந்தாலும் அதை எழுதாமல் விடுவதுதான் முறை. நெகிழ்ச்சியான வாக்கியங்களை எவரும் ஐயத்தோடு படிப்பதில்லை. அதனால் அவற்றில் நுழையும் பிழையே அதிக காலம் நிலைத்திருக்கிறது.

ரசிகர்கள் நடத்தும் விக்கியிலிருந்து எடுத்து, ஒரு பாத்திரத்தைப் பற்றி மிக விரிவாக விக்கிப்பீடியாவில் எழுதினேன். பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள். அதில் ஒன்றுகூடத் தவறான தகவல் இல்லை. – பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர்

உங்கள் உழைப்பு வீணானது போன்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. நீக்கியவர்கள் ஒரு வரியாவது விளக்கம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் அது அவர்களுடைய குறைதான். ஆயினும் அந்த இரண்டு தளங்களின் நோக்கமும் ஒன்றல்ல. 2004இல் தொடங்கப்பட்டு இன்று ஃபேண்டம் என்ற பெயரில் இயங்கும் தளத்திலும் அதைப் போன்ற பிறவற்றிலும் உள்ள ரசிகர் விக்கிகள், கதையுலகத்தை அதன் உள்ளிருந்தே விவரிக்கின்றன. அங்கே ஒரு பாத்திரத்தின் கட்டுரை உண்மையான ஒருவரின் வாழ்க்கை வரலாறு போலவே பிறப்பு, குடும்பம், போர்கள் என்று செல்லும். பொதுக் கலைக்களஞ்சியமோ அந்தப் பாத்திரம் ஒரு படைப்பு என்பதை ஓரிடத்திலும் மறக்கக் கூடாது. யார் உருவாக்கினார், யார் குரல் கொடுத்தார், விமர்சகர்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பவையே அங்கு முதன்மையானவை. கதை அவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு இருந்தால் போதும்.

இது வெறும் நடை பற்றிய விருப்பமாக மட்டும் இருந்தால் நான் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். கதையின் உள்ளும் வெளியும் கலக்கும்போது உண்மையான பிழைகள் பிறக்கின்றன. 'அவதார்' தொடருக்கு முன்னோட்டமாகத் தயாரிக்கப்பட்டு ஒளிபரப்பாகாத அத்தியாயத்தில், கட்டாரா என்று நாம் அறிந்த பெண்ணுக்குக் கியா என்று பெயர். பின்னர் தொடர் உருவானபோது கியா என்பது கட்டாராவின் தாயின் பெயராயிற்று. இது தயாரிப்பு வரலாறு. இதையே 'கட்டாராவின் பழைய பெயர் கியா' என்று எழுதினால், கதைக்குள் அவள் பெயர் மாற்றிக்கொண்டாள் என்றுதான் ஒரு சிறுவன் புரிந்துகொள்வான். சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் செய்தி தவறாகிவிடுகிறது.

ஒரே பெயரில் பல படைப்புகள் இருக்கும்போது கலப்பு இன்னும் கடுமையாகிறது. 2005இல் தொடங்கிய இயங்குபடத் தொடர், 2010இல் வந்த திரைப்படம், 2024 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட நடிகர்கள் தோன்றும் தொடர் ஆகிய மூன்றும் ஒரே கதையை வெவ்வேறாகச் சொல்கின்றன. இயங்குபடத்தில் ஜெட் என்ற இளைஞனும் அவனுடைய கூட்டமும் காட்டில் மறைந்து வாழ்கிறார்கள். 2024 தொடரில் அவன் ஒமாஷு நகரில் அறிமுகமாகிறான். 'ஜெட் எங்கே வாழ்ந்தான்?' என்ற கேள்விக்கு, எந்தப் படைப்பில் என்று சேர்த்துச் சொல்லாத எந்தப் பதிலும் பாதிப் பதில்தான். அடுத்த முறை எழுதும்போது எந்தப் படைப்பில் என்பதைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள்; ரசிகர் விக்கி காட்டும் பேட்டியையோ நூலையோ நேரில் தேடிப் பார்த்து, அதையே சான்றாகக் கொடுங்கள். உங்கள் எழுத்து நிலைக்கும்.

திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியைச் சான்றாகக் காட்டலாமா? – வாசகர் ஒருவர்

கூடாது. அதன் பெரும்பகுதி பயனர்கள் அனுப்பும் தகவல்களால் நிரம்புவது. தேடலைத் தொடங்கும் இடமாக வைத்துக்கொண்டு, திரையில் வரும் பெயர்ப்பட்டியலில் உறுதிசெய்யுங்கள்.

செய்தித்தாளில் வந்திருந்தால் அது நம்பகமான மூலம்தானே? அதன் பிறகும் ஐயப்பட என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்

பெரும்பாலும் ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிறுவர் தொடர்களையும் சிறுவர் நூல்களையும் பற்றிச் செய்தி எழுதுகிறவர்கள் சில வேளைகளில் விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள். பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகத் திரும்பி வருகிறது. 'அமேலியா பெடீலியா' என்ற அமெரிக்கச் சிறுவர் நூல் வரிசையின் கதை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அந்தப் பாத்திரம் கேமரூன் நாட்டுப் பணிப்பெண் ஒருவரை மாதிரியாகக் கொண்டது என்று 2009இல் ஒருவர் விளையாட்டாக விக்கிப்பீடியாவில் எழுதினார். அது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து, பிறருடைய எழுத்துகளிலும் இடம்பெற்றது. எழுதியவரே 2014இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. எவ்வளவோ பேர் படித்திருப்பார்கள். ஒருவரும் சான்றைத் தேடவில்லை என்பது எனக்கு இன்றும் வேதனையளிக்கிறது.

நூலகராக இருந்த உங்களுக்கு இதற்கான வழி புதிதல்ல: எது முந்தியது என்று நாளைப் பாருங்கள். கட்டுரையின் 'வரலாற்றைக் காட்டவும்' என்ற பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து செய்யப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். ஐயத்துக்குரிய வாக்கியம் 2019இல் சேர்க்கப்பட்டு, சான்றாகக் காட்டப்படும் செய்தி 2021இல் வந்திருக்குமானால், அதை எழுதிய செய்தியாளர் தமக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால், அதை உறுதிப்படுத்தும் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஒளிபரப்புக் காலத்திலேயே வெளியான செய்திகளையும் பேட்டிகளையும் தேடிக் கண்டுபிடிப்பதே சிறந்தது; பழைய இதழ்களைப் பாதுகாக்கும் நூலகங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு கட்டுரையில் அத்தியாயத்தின் ஒளிபரப்பு நாள் தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். அவளே திருத்தலாமா? – தாய் ஒருவர்

திருத்தலாம். முன்னதாக, அந்த நாள் வேறு நாட்டில் ஒளிபரப்பான நாளாக இருக்கக்கூடுமா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். இத்தகைய தொடர்களில் 'தவறு' என்று தோன்றும் நாட்கள் சில வேளைகளில் அப்படி வந்தவை. பிறகு, நாளை மாற்றும்போதே அதற்கான சான்றையும் சேர்த்து, மாற்றத்தைச் சேமிக்கும்போது வரும் 'தொகுப்புச் சுருக்கம்' என்ற பெட்டியில் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். யாராவது அதைப் பழையபடியே மாற்றிவிட்டால், மறுபடியும் மாற்றிக்கொண்டிருக்காமல் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்கட்டும். உண்மையான பெயர், வயது, பள்ளி ஆகியவற்றைப் பயனர் பக்கத்தில் எழுத வேண்டாம் என்பதை மட்டும் நீங்கள் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொடர்களில் நடிக்கும் சிறுவர்களின் பிறந்தநாள், பள்ளி, பெற்றோரின் பெயர் ஆகியவற்றைச் சிலர் கட்டுரைகளில் சேர்க்கிறார்கள். தகவல் உண்மையாக இருந்தால் அதில் என்ன தவறு? – ஆசிரியை ஒருவர்

இந்தக் கேள்விக்கு மற்றெல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். உண்மையாக இருப்பது மட்டும் போதாது. வாழும் மனிதர்களைப் பற்றிய விக்கிப்பீடியாவின் கொள்கை, முழுப் பிறந்தநாளை நம்பகமான மூலங்கள் பரவலாக வெளியிட்டிருந்தாலோ, அது வெளிவருவதில் அவருக்கு மறுப்பில்லை என்று நியாயமாகக் கொள்ளக்கூடிய வகையில் வெளியிடப்பட்டிருந்தாலோ மட்டுமே எழுத அனுமதிக்கிறது. ஐயம் இருக்கும் இடத்தில் ஆண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொதுவாழ்வில் இல்லாத பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ரசிகர் ஒருவர் சமூக ஊடகப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கண்டுபிடித்த பள்ளியின் பெயர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. கதையைப் பற்றிய பிழை கட்டுரையைக் கெடுக்கும்; இந்த வகைத் துல்லியமோ ஒரு குழந்தையின் பாதுகாப்பையே கெடுக்கக்கூடும்.

ஆகவே, சான்றில்லாத இத்தகைய வரியைக் கண்டால், அதற்குச் சான்று தேவை என்று குறியிட்டுவிட்டுக் காத்திருக்காமல் உடனே நீக்கிவிடுங்கள். அதே கொள்கை அதற்கு இடமளிக்கிறது. நீக்கும்போது அந்தத் தகவலைத் தொகுப்புச் சுருக்கத்திலோ உரையாடல் பக்கத்திலோ மறுபடியும் எழுதிவிடாதீர்கள். நீக்கிய பின்னும் பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் எவருக்கும் தெரியும்படி இருக்கும். அதை மறைக்க நிர்வாகிகளால் முடியும். அவர்களுக்குப் பொதுப் பக்கத்தில் அல்லாமல் தனிப்பட்ட முறையில், மின்னஞ்சல் வழியாகத் தெரிவியுங்கள்.