வாசகர் கேள்வி – பதில்: பொலிஸ் கருவி அளந்தது யாருடைய வேகத்தை?

கேள்வி: ஊரிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில், 70 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியொன்றில் போக்குவரத்து பொலிஸார் எங்கள் காரை மறித்து, கருவியில் 83 பதிவாகியிருப்பதாகச் சொல்லித் தண்டச் சீட்டு எழுதினார்கள். என் வேகமானியின் முள் 70ஐத் தாண்டவில்லை. அதே நேரத்தில் ஒரு வான் எங்களை முந்திக்கொண்டு போனது. இந்த ‘ஸ்பீட் கன்’ எப்படி வேலை செய்கிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: கையில் பிடித்து அளக்கும் கருவிகளில் ராடார், லேசர் என இரண்டு வகைகள் உண்டு. உங்கள் கேள்விக்கான பதில், உங்களை அளந்தது எந்த வகை என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது.

ராடார் கருவி வானொலி அலையை அனுப்பி, வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் மீடிறன், அதாவது செக்கனுக்கான அதிர்வுகளின் எண்ணிக்கை, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கும்போது ஒலியின் சுருதி சட்டென்று இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். 1842இல் கிறிஸ்தியான் டொப்ளர் விளக்கிய அந்த விளைவுதான் இங்கும் பயன்படுகிறது. 24.15 கிகாஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 2,415 கோடி அதிர்வுகளில் இயங்கும் கருவியை நோக்கி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் வந்தால், திரும்பும் அலையில் ஏறத்தாழ 4,470 அதிர்வுகள் கூடியிருக்கும். இந்தச் சிறிய வித்தியாசத்தை மின்னணுச் சுற்று மிகத் துல்லியமாக எண்ணிவிடும். ஆகவே வேகத்தை அளப்பதில் ராடார் தடுமாறுவதில்லை. எந்த வாகனத்தின் வேகம் என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. கதிர் 12 பாகை அளவில் விரியும் கருவியொன்றை எடுத்துக்கொண்டால், 300 மீற்றர் தூரத்தில் அக்கதிரின் அகலம் 60 மீற்றரைத் தாண்டிவிடும். வீதியின் இரு பக்கமும் அதற்குள் அடங்கும். சிறிய கார் ஒன்றுக்குப் பின்னால் பெரிய லொறியோ பஸ்ஸோ வந்தால், அதன் அகன்ற முகத்திலிருந்து திரும்பும் அலை காரின் அலையைவிட வலுவாக இருக்கக்கூடும். திரையில் தெரியும் எண் உண்மையானதே. ஆனால் அது யாருடையது என்பதை அந்த எண் சொல்லாது.

லேசர் கருவி வேறு வழியில் இயங்குகிறது. ஏறக்குறைய 905 நனோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளாக அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கணிக்கிறது. 300 மீற்றர் தூரத்துக்கு அந்த நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குதான். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 0.3 செக்கனில் 6 மீற்றர் நெருங்கிவிடுவதால், அந்த இடைவெளியில் எடுத்த தூர அளவுகள் சீராகக் குறைந்து வருவதைக் கொண்டு கருவி வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. 300 மீற்றரில் இக்கதிரின் விட்டம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், பக்கத்தில் செல்லும் வாகனத்தைத் தவிர்த்து ஒரே வாகனத்தைக் குறிவைக்கலாம்.

ஆயினும் லேசரிலும் ஒரு பலவீனம் உண்டு, அது கருவியைப் பிடித்திருக்கும் கையைச் சார்ந்தது. அளவெடுக்கும் அந்தக் கணத்தில் கை அசைந்து, புள்ளி முன்கண்ணாடியிலிருந்து இலக்கத் தகட்டுக்கு இறங்கினால், அந்த ஒரு மீற்றர் அளவிலான இடைவெளியையும் வாகனம் கடந்துவந்த தூரமாகக் கருவி எண்ணக்கூடும். 0.3 செக்கனில் ஒரு மீற்றர் என்பது மணிக்கு 12 கிலோமீற்றர். தூர அளவுகள் ஒழுங்காக அமையாவிட்டால் எண்ணைக் காட்டாமல் பிழை என்று அறிவிக்கும்படியே இக்கருவிகளை உருவாக்குகிறார்கள். பெரும்பாலான அசைவுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். நீண்ட லொறியின் பக்கவாட்டில் புள்ளி ஒரே சீராக வழுக்கிச் சென்றால் மட்டும் அந்தச் சோதனை ஏமாற இடமுண்டு.

இனி உங்கள் வேகமானி. ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்திலொரு பங்குடன் 4 கிலோமீற்றர் சேர்ந்த அளவுக்குள். அந்த விதிக்கு அமைந்த, டயர் மாற்றப்படாத காரில் முள் 70ஐத் தாண்டவில்லை என்றால், உண்மை வேகமும் 70ஐத் தாண்டியிருக்காது. பெரிய டயர் பூட்டினால் முள் குறைத்துக் காட்டும் என்பது உண்மை. ஆனால் 83 கிலோமீற்றரில் ஓடும் கார் 70 என்று காட்ட வேண்டுமானால், சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட டயர் சாதாரண காரில் உரசாமல் சுழலாது. திறந்த வீதியில் சீரான வேகத்தில் ஓடும்போது கைத்தொலைபேசியின் ஜீ.பி.எஸ். காட்டும் வேகத்துடன் முள்ளை ஒப்பிட்டுப் பாருங்கள். வேகமானி பழுதில்லை என்றால், முந்திச் சென்ற வானின் வேகம் உங்கள் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம் என்ற உங்கள் ஐயம் நியாயமானதே.

கேள்வி: பொலிஸார் வீதியோரத்தில் மரத்தடியில் சரிவாக நின்று அளக்கிறார்கள். நேருக்கு நேர் நிற்காவிட்டால் வேகம் கூடுதலாகப் பதிவாகுமா?
– தெஹிவளை வாசகி

பதில்: குறைவாகவே பதிவாகும். கருவி அளப்பது தன்னை நோக்கி வாகனம் நெருங்கும் வேகத்தை மட்டுமே. கோணம் 10 பாகையானால் 100 என்பது 98.5 ஆகவும், 20 பாகையானால் 94 ஆகவும் தெரியும். ஓடும் பொலிஸ் வாகனத்திலிருந்து ராடாரால் அளக்கும்போது மட்டும் கவனம் தேவை. அங்கே பொலிஸ் வாகனத்தின் சொந்த வேகத்தைக் கருவி கோணத்தால் குறைத்துக் கணித்துவிட்டால், விடுபட்ட பகுதி எதிரே வருபவரின் வேகத்தில் சேர்ந்துவிடும்.

கேள்வி: தண்டப்பணம் கட்டாமல் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக எண்ணியுள்ளேன். கருவியைப் பற்றி என்ன கேட்கலாம்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: “கருவி பிழை” என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை, குறிப்பாகக் கேளுங்கள். கருவி எந்த வகை? கடைசியாக எப்போது, எங்கே சரிபார்க்கப்பட்டது, அதற்கான சான்றிதழ் உண்டா? அன்றைய கடமை தொடங்குமுன் கருவியைச் சோதித்தார்களா? ராடாருக்கு இசைக்கவையை, அதாவது தட்டினால் குறித்த மீடிறனில் அதிரும் உலோகக் கவையை, அதிரச் செய்து, அதற்குரிய எண் திரையில் வருகிறதா என்று பார்ப்பது பழைய, நல்ல முறை. லேசராயின், வேகத்துடன் தூரமும் திரையில் தெரியும். அந்தத் தூரத்தில் உங்கள் வாகனம் எங்கே இருந்தது, அருகில் வேறு எவை இருந்தன என்று கேளுங்கள். படமோ காணொளியோ இருந்தால் அதைக் காட்டும்படி கோருங்கள்.

எண்ணின் அளவையும் பாருங்கள். சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பு, வீதியில் சோதிக்கப்படும் ராடார் கருவிக்கு 100 கிலோமீற்றர் வரை 3 கிலோமீற்றரும், அதற்கு மேல் 3 சதவீதமும் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. 70 எல்லையில் 72 பதிவாகியிருந்தால் இந்த வாதத்துக்கு இடமுண்டு. 83 பதிவாகியிருந்தால் இதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாகனம் மாறியதா என்பதையே பேசுங்கள்.

கேள்வி: அதிவேக நெடுஞ்சாலையில் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் வைத்தே வேகத்தைக் கணிக்க முடியாதா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: முடியும். சில நாடுகளில் இரண்டு இடங்களில் கமராக்கள் இலக்கத் தகட்டைப் படித்து இதைத்தான் செய்கின்றன. 90 கிலோமீற்றர் தூரத்தை 50 நிமிடத்தில் கடந்தவரின் சராசரி வேகம் 108. ஆகவே 100ஐ எங்கோ தாண்டியே இருக்கிறார். இரண்டு கமராக்களும் இலக்கத்தைச் சரியாகப் படித்து, அவற்றின் கடிகாரங்களும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால், இந்த முறையில் வாகனம் மாறிப்போக வழியில்லை. இவ்வளவு நீண்ட தூரத்தில் ஒரு நிமிட நேரப் பிழை ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வித்தியாசத்தையே தரும். தூரம் 5 கிலோமீற்றராக இருந்தால் அதே ஒரு நிமிடம் கணக்கை முழுவதும் கெடுத்துவிடும்.